மூன்றாவது டம்ளர்

நவம்பர் 3, திங்கள்

மாடி அறைக்கு ஆள் வந்தாயிற்று. கியூபாவிலிருந்து ஓர் ஓவியர், பெயர் ரெக்லா அர்மெந்தேரோஸ். கலைக்கூடம் நடத்தும் லூர்துநாதன்தான் ஏற்பாடு செய்தார். டிசம்பர் நடுவில் கண்காட்சி, அதுவரை இங்கேயே தங்கி வரைவாராம். புதுச்சேரியில் இத்தனை விடுதிகள் இருக்க, அருணகிரி சார் வீட்டு மாடிதான் வேண்டும் என்று அந்த அம்மாளே கேட்டாராம். லூர்துநாதன் இதைப் பெருமையாகச் சொன்னார். நான் அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

இவர் கியூபாவின் தலைநகர் அவானாவில் இரண்டு வருடம் அச்சோவியம் படித்தவர். (இவர் என்று நான் எழுதுவதெல்லாம் என் கணவரைத்தான். கல்யாணமான நாள் முதல் அப்படித்தான்.) போனது எண்பத்தாறில். நான் கைக்குழந்தையோடு இங்கே மாமியாரிடம் இருந்தேன்.

கதவைத் திறந்தால் நெடுநெடுவென்று ஒரு கறுப்பு அம்மாள், அறுபது வயதிருக்கும். பாவாடை, சட்டை, தலையில் கட்டிய துணி, செருப்பு, கைப்பை, குடை, எல்லாம் வெள்ளை. நான் முப்பது வருடம் பிரெஞ்சு வாத்தியாராக இருந்தவள், அவருக்கும் மார்செய் நகரத்தில் சில காலம் இருந்ததால் பிரெஞ்சு வரும் என்று லூர்துநாதன் சொல்லியிருந்தார். அருணகிரியின் மனைவி திலகவதி என்று பிரெஞ்சிலேயே சொல்லிக் கையை நீட்டினேன். அவர் கையைத் தொடவில்லை. என் முகத்தையே பார்த்தார். பிறகு வாயைத் திறந்து கேட்ட முதல் கேள்வி, எங்களுக்குக் கல்யாணமானது எந்த வருடம் என்பது.

எண்பத்து மூன்று என்றேன். அவர் தன் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் வேண்டுமா என்றேன். வேண்டாமாம். பிறகு மெதுவாக, "திலகவதி" என்றார். வெள்ளைக்காரர்கள் எல்லோரும் என் பெயரில் தடுக்கி விழுவார்கள். இந்த அம்மாள் ஒரே மூச்சில் சொன்னார். வருடக்கணக்காகச் சொல்லிப் பழகிய வாய் அது.

நவம்பர் 4, செவ்வாய்

இவரிடம் அழைத்துப்போனேன். வலது கையும் காலும் விழுந்து இரண்டு வருடமாகிறது, பேச்சும் போயிற்று. மிஞ்சியது ஒரே வார்த்தை, "ஆமா". காபி வேண்டுமா என்றால் ஆமா, வலிக்கிறதா என்றால் ஆமா, இன்று வெள்ளிக்கிழமையா என்றாலும் ஆமா. கல்யாணமான இத்தனை வருடத்தில் நான் சொன்னதற்கெல்லாம் ஆமா போட்டதே இல்லை, இப்போது போடுகிறார் என்று முதலில் சிரித்துக்கொண்டேன். சிரிப்பு ரொம்ப நாள் நிற்கவில்லை.

அந்த அம்மாளைப் பார்த்ததும் இவர் முகம் சாம்பலாகிவிட்டது. பிறகு சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். மகன் பிரான்ஸ் நாட்டு லியோனிலிருந்து வந்தபோதுகூட இவர் முகம் இப்படி மாறியதில்லை. நான் தலையணையைச் சரி செய்தேன். சரி செய்ய அதில் ஒன்றுமில்லை.

நவம்பர் 6, வியாழன்

அந்த அம்மாளுக்குக் காபி கொண்டுபோனேன். கையிலிருந்து வாங்க மாட்டேன், மேஜையில் வை என்று சைகை காட்டுகிறார். எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் அப்படி வைத்துவிட்டுப் போவதில்லை. நான் என்ன தீண்டத்தகாதவளா?

வீட்டு வேலைக்கு வரும் பவுனு நேராகவே கேட்டுவிட்டாள். "அம்மா, அந்த அம்மாவுக்கு யாரு செத்துட்டாங்க? வூட்டுக்காரரா? இப்டி முழு வெள்ளையில வந்து நிக்குறாங்க. சாரை காலையில இவங்க மொகத்துல முழிக்க வுடாதீங்கம்மா."

அதட்டி அனுப்பினேன். ஆனால் அவள் சொன்னது மனதில் ஒட்டிக்கொண்டது. லூர்துநாதனுக்குப் போன் செய்து சாடையாக விசாரித்தேன். அந்த அம்மாளுக்குக் கல்யாணமே ஆகவில்லையாம். கல்யாணமே ஆகாதவள் யாருக்காக வெள்ளை உடுத்துகிறாள்? இங்கே நான் பொட்டும் பூவுமாக இருக்கிறேன். இவர் உயிரோடு படுத்திருக்கிறார். நான் உடுத்தாத வெள்ளையை இவருக்காக முந்திக்கொண்டு உடுத்த இவள் யார்?

இனி அவள் என்றே எழுதப் போகிறேன். என் டைரிதானே.

நவம்பர் 10, திங்கள்

மாடியைப் பெருக்கப்போன பவுனு ஓடி வந்தாள். நானும் போய்ப் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல், அதன்மேல் வெள்ளைத் துணி, துணியின் மேல் மூன்று கண்ணாடி டம்ளர்களில் நிறையத் தண்ணீர். ஒன்றின் பக்கத்தில் மர ஸ்பூன், இன்னொன்றின் பக்கத்தில் கிளிஞ்சல். மூன்றாவது டம்ளரின் அடியைச் சுற்றி ஒரு கண்ணாடி வளையல். பச்சை, பொன் கோடு போட்டது, நம் ஊர் வளையல்.

அவள் வந்ததும் கேட்டேன். எங்கள் வழக்கம், செத்தவர்களுக்குத் தண்ணீர் வைப்போம் என்றாள். ஸ்பூன் அம்மாவுக்கு, கிளிஞ்சல் கடலில் தெப்பம் கட்டிப் போய்த் திரும்பாத தம்பிக்கு. மூன்றாவது யாருக்கு என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், மழை வரும்போலிருக்கிறது என்றாள்.

வளையல் யார் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டுத்தான் தெரிய வேண்டுமா? கியூபாவில் எந்த வளையல்காரன் தெருவில் கூவிக்கொண்டு போகிறான்?

நவம்பர் 13, வியாழன்

மொட்டை மாடியில் முட்டை ஓடுகளைக் கழுவிக் காயப்போட்டிருக்கிறாள். அம்மியில் அரைத்து, சலித்து, உருண்டை பிடித்து வைத்திருக்கிறாள். தெருமுனைக் கடையில் இருந்த சொட்டு நீலம் அத்தனையையும் வாங்கிவிட்டாளாம். விளக்குக் கரியை வேறு வழித்து டப்பாவில் சேர்க்கிறாள். முட்டை ஓடு, கரி, நீலம். பவுனு எலுமிச்சம்பழமும் மிளகாயும் வாங்கி வந்து வாசலில் கட்டினாள். நான் தடுக்கவில்லை.

நவம்பர் 15, சனி

நாள் முழுக்க மழை. ஒரு துணியும் காயவில்லை. இவருக்கு மாற்றப் போர்வை இல்லை.

நவம்பர் 18, செவ்வாய்

ஓவியர் என்கிறார்கள், இதுவரை ஒரு கோடு போடவில்லை. சட்டத்தில் அடித்த கித்தான் சுவரோரமாக வெறுமையாகவே நிற்கிறது. போஸ்டருக்குப் படம் எடுக்க லூர்துநாதன் கேமராவோடு வந்தார். கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம். போட்டோவுக்கு யார் பயப்படுவார்கள்? அந்த ஓவியரின் பெயரில் வேறு யாராவது வந்திருந்தால்?

கலைக்கூடத்துக்குப் போய் அவளுடைய படங்கள் அச்சிட்ட புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். தொண்ணூறுகளில் அந்த நாட்டில் சோறும் இல்லை, சாயமும் இல்லை என்று முன்னுரையில் எழுதியிருந்தது. அப்போது அவள் கோதுமை மூட்டைச் சாக்கில், துணிக்குப் போடும் நீலத்தையும் முட்டை ஓட்டையும் வைத்து வரைந்தாளாம். அதில்தான் பெயர் வந்ததாம். சரி, அரைத்து வைத்ததெல்லாம் சாயம்தான். ஆளும் அவள்தான், பழைய போட்டோ ஒன்று இருக்கிறது. இரண்டு சந்தேகம் தீர்ந்தது.

ஆனால் படங்கள். பக்கத்துக்குப் பக்கம் ஒரே பெண். நீல உடம்பு, கால்வரை சுற்றிய புடவை, நீளக் கழுத்து, இரண்டு பக்கமும் மூக்குத்தி. மூக்குத்திப் புள்ளிகளைத் தவிர முகம் வெற்றிடம். சில படத்தில் கரும்புக் காட்டில் நிற்கிறாள், சிலவற்றில் கடலோரம் துணி துவைக்கிறாள். முன்னால் எப்போதும் ஒரு டம்ளர் தண்ணீர்.

கியூபாக்காரிக்குப் புடவை எதற்கு? இவருக்குப் பெண்டாட்டியாக வாழ்ந்தால் எப்படி இருக்கும் என்று தன்னையே புடவை கட்டி வரைந்து வரைந்து பார்த்திருக்கிறாள். எனக்கும் இரண்டு பக்கம் மூக்குத்திதான். நம் பக்கத்தில் பாதிப் பேருக்கு அப்படித்தான்.

நல்ல படங்கள். அதைச் சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும்.

நவம்பர் 22, சனி

வங்கிக்குப் போய்விட்டு வந்தால் அவள் இவர் கட்டிலருகே உட்கார்ந்திருக்கிறாள். நான் ஜன்னலுக்கு வெளியே செருப்பைக் கழற்றாமல் நின்றேன். ஸ்பானிய மொழியில் ஏதோ ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாள். குரல் கொஞ்சவில்லை, நான் பிள்ளைகளிடம் வீட்டுப்பாடம் எங்கே என்று கேட்கிற குரல். இவர் "ஆமா, ஆமா" என்கிறார். கண்ணில் தண்ணீர் ஓடுகிறது. என் முன்னால் இவர் அழுததே கிடையாது, தன் அம்மா செத்தபோதுகூட.

நான் உள்ளே வந்ததும் அவள் எழுந்து போய்விட்டாள். நானும் அவளும் சேர்ந்து ஒரே அறையில் நின்றாலே இவருக்கு ஆகவில்லை. இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டத் தொடங்கிவிடுகிறார். என்னைப் போகச் சொல்கிறார், அவளோடு இருக்க ஆசைப்படுகிறார். வேறு என்ன?

சாயங்காலம் மயில்கழுத்து நிறப் பட்டுப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டேன். சும்மாதான்.

நவம்பர் 26, புதன்

டாக்டர் வந்தார். ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது. வீட்டில் ஏதாவது கவலையா, இன்னொரு தடவை பக்கவாதம் வந்தால் தாங்க மாட்டார் என்றார். எனக்கு எல்லாம் ஒன்றாகக் கூடிவிட்டது. வெள்ளை உடுத்திக்கொண்டு, தண்ணீர் எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு கோடும் வரையாமல், அவள் இவர் சாவுக்குக் காத்திருக்கிறாள். மூன்றாவது டம்ளர் இவருக்குத்தான். முன்கூட்டியே வைத்துவிட்டாள்.

லூர்துநாதனிடம் இந்த வாரமே ஆளை மாற்றுங்கள் என்றேன். கண்காட்சி கெட்டுவிடும், அவருக்கு ஏற்கெனவே வரைய வரவில்லை என்று கெஞ்சினார். எனக்கு என் வீடு பெரிது என்றேன்.

நவம்பர் 28, வெள்ளி

இதை நிதானமாக எழுத வேண்டும்.

காலையில் மாடிக்குப் போனேன். அவள் கித்தானுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். பெட்டியைக் கட்டு என்றேன். தலையாட்டினாள், மறுக்கவில்லை. அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. என் கணவர் உயிரோடு இருக்கும்போது தாலி கட்டாத நீ எப்படி அவருக்காக வெள்ளை உடுத்தலாம் என்று கேட்டேன்.

அவளுக்கு விளங்கவே இல்லை. இரண்டாவது தடவை சொன்னபோதுதான் புரிந்து, கையை வாயில் வைத்துக்கொண்டாள். அவர்கள் ஊரில் வெள்ளை துக்கத்துக்கு இல்லையாம். போன வருடம் புற்றுநோய் வந்து பிழைத்தபின் தெய்வத்துக்குத் தலை கொடுத்தாளாம், நம் ஊரில் தீட்சை வாங்குவது மாதிரி. அதன்பின் ஒரு வருடம் புதிதாகப் பிறந்த குழந்தை மாதிரி. வெள்ளைதான் உடுத்த வேண்டும், போட்டோ எடுக்கக் கூடாது, யார் கையிலிருந்தும் நேராக எதையும் வாங்கக் கூடாது. குழந்தைக்கு ஏது சாவுத் துணி என்றாள்.

எனக்கு அவமானமாக இருந்தது. அதனால் குரலை இன்னும் உயர்த்தினேன். "அப்போ இது?" என்று மூன்றாவது டம்ளரைக் கையில் எடுத்தேன். ஜன்னல் வழியே கொட்டப் போனேன். அவள் எழுந்து குறுக்கே நின்றாள். எங்கள் பேச்சு பிரெஞ்சில் நடந்தது, நம் வாயில் எப்படி வருமோ அப்படி எழுதுகிறேன்.

"கொட்டாதீங்க. அது உங்களோடது."

"எனக்கு எதுக்கு?"

"நீங்க செத்துட்டீங்கன்னு கிரி சொன்னார்."

கிரி என்பது இவர். எனக்கு முதலில் அந்தப் பெயர்தான் காதில் விழுந்தது, மற்றது பிறகுதான் விழுந்தது.

அவள் உட்கார்ந்துகொண்டு எல்லாம் சொன்னாள். அவானா வந்த முதல் மாதமே இவர் சொன்னாராம், மனைவி தலைப்பிரசவத்தில் போய்விட்டாள், பெயர் திலகவதி, இரண்டு மூக்கிலும் மூக்குத்தி, துணி துவைக்கும்போது பாடுவாள் என்று. பிள்ளை என்ன ஆனான் என்று கேட்டேன். பிள்ளை இவருடைய அம்மாவிடம் வளர்கிறது என்றாராம். அந்தமட்டுக்கும் அவனைக் கொல்லாமல் விட்டாரே.

வளையலை அவள் எடுத்துக் காட்டினாள். இறந்தவளின் கையிலிருந்து கழற்றியது என்று கொடுத்தாராம். என் வளைகாப்பு வளையல். ஒரு ஜோடியில் ஒன்று குறைகிறது என்று நான் அந்தக் காலத்தில் வேலைக்காரப் பெண்ணைத் திட்டியிருக்கிறேன். பாவம் அவள்.

செத்தவர்களைத் தாகத்தோடு விடக் கூடாதென்று அன்றே எனக்கும் ஒரு டம்ளர் வைத்தாளாம். இவர் ஊர் திரும்பி, இரண்டு கடிதம் போட்டு, நிறுத்திய பிறகும் வைத்தாளாம். பஞ்ச காலத்தில் சாயம் இல்லாமல், தம்பியும் போய், தூரிகையை விட்டுவிட இருந்தபோது அந்த டம்ளர் முன்னால் அழுதாளாம். அப்போது நீலமாக ஒரு பெண் வந்து நின்றாளாம், துணிக்குப் போடும் நீலத்தைக் காட்டினாளாம். ரெக்லாவின் அம்மாவும் துணி வெளுத்துப் பிழைத்தவள். அன்று எடுத்த நீலத்தை இவள் கீழே வைக்கவில்லை.

"எனக்கு சோறு போட்டதெல்லாம் அந்தப் பொண்ணுதான். அன்னைக்கு நீங்க கதவைத் திறந்து, பேரைச் சொன்னீங்க. அதுக்கப்புறம் எனக்குக் கை ஓடலை. அவர்கிட்ட தினம் கேக்கிறேன், ஏன்னு. ஆமாங்கிறார். நீங்க உயிரோட இருக்கீங்கன்னா, இத்தனை வருஷம் என்கிட்ட வந்தது யாரு?"

"எனக்கென்ன தெரியும்?" என்றேன். "நான் இங்க துணி துவைச்சிட்டிருந்தேன்."

அவள் சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை, தோள் குலுங்கியது. உங்களுக்குள் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அதற்குத்தானே என்னைக் கொன்றார், கேட்பதற்கு என்ன இருக்கிறது.

டம்ளர் என் கையிலேயே இருந்தது. எனக்குத் தாகமாக இருந்தது. குடித்துவிட்டேன், முழுவதையும். அவள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். டம்ளரை மேஜையில் வைத்துவிட்டுக் கீழே வந்தேன். பெட்டியைக் கட்ட வேண்டாம் என்று படியிலிருந்து சொன்னேன்.

நவம்பர் 29, சனி

இட்லிக்கு அரைத்தேன்.

நவம்பர் 30, ஞாயிறு

பவுனு வராத நாள். இவருக்கு உடம்பு துடைத்து, சட்டை மாற்றி, முகத்துக்குப் பவுடர் போட்டேன். பித்தானைப் போட்டுக்கொண்டே கேட்டேன்.

"நான் செத்துட்டேன்னு அங்க சொன்னீங்களா?"

இரண்டு வருடமாக எதைக் கேட்டாலும் ஆமா சொல்லும் மனிதர். சூரியன் மேற்கே உதிக்கிறதா என்றாலும் ஆமா சொல்லுவார். இன்று உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். இன்னொரு முறை கேட்டேன். மூச்சு மட்டும் வந்தது.

அவள் சொன்னதை நான் பாதிதான் நம்பியிருந்தேன். இப்போது முழுவதும் நம்புகிறேன்.

டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. மூன்றாவது தடவை கேட்கவில்லை. மேல் பித்தானையும் போட்டுவிட்டேன்.

டிசம்பர் 3, புதன்

ரெக்லா வரையத் தொடங்கிவிட்டாள். என்னை உட்காரச் சொன்னாள். வேலை இருக்கிறது என்றேன், வேலையைக் கொண்டு வா என்றாள். வாழைப்பூ ஆய்ந்துகொண்டு உட்கார்ந்தேன். முகம் வரைவது எப்படியென்று மறந்துபோய்விட்டது என்று நாலு தடவை அழித்தாள். என் மூக்கு கொஞ்சம் பெரிது என்று தெரியும், இவ்வளவு பெரிதென்று தெரியாது. குறைத்துப் போடு என்றேன். மாட்டாளாம்.

வளையலைத் திருப்பிக் கொடுத்தாள். மேஜையில்தான் வைத்தாள். போட்டுப் பார்த்தேன், விரல் முட்டியைத் தாண்டவில்லை. நீயே வைத்துக்கொள் என்றேன். இனி அது யாருக்கு என்று கேட்டாள். அந்த நீலப் பெண் யாரோ, அவளுக்கு என்றேன். என் பெயரை மட்டும் எடுத்துவிடு, எனக்கு இன்னும் வேலை இருக்கிறது.

கீழே கம்பி தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. போய்ப் பார்த்தேன், பசி இல்லை, ஈரம் இல்லை. எங்கள் பேச்சு கேட்கிறது, அவ்வளவுதான். இத்தனை நாள் அவளுக்காகத் தட்டுகிறார் என்று நினைத்திருந்தேன்.

டிசம்பர் 15, திங்கள்

கண்காட்சி நேற்று தொடங்கியது. புதிய படம் ஒன்றுதான், அதன் முன்னால்தான் எல்லோரும் நின்றார்கள். நீலப் புடவை, மடியில் முறம், பெரிய மூக்கு, இரண்டு மூக்குத்தி. கையில் பிடித்த டம்ளர் காலி. விலை கேட்டவர்களிடம் அது விற்பனைக்கு இல்லை என்று ரெக்லா சொல்லிவிட்டாள். எனக்குத்தானாம்.

இன்று காலை கிளம்பினாள். வாசலில் நின்று, கையை நீட்டலாமா கூடாதா என்று நான் யோசித்தேன். மார்ச்சில் வெள்ளை முடிகிறது, அப்போது வந்து கை கொடுக்கிறேன் என்றாள். இவரிடம் சொல்லிக்கொள்ள அவள் போகவில்லை.

டிசம்பர் 22, திங்கள்

கண்காட்சி முடிந்து லூர்துநாதன் ஆள் வைத்துப் படத்தைக் கொண்டு வந்தார். கூடத்தில் மாட்டலாமா என்றார். வேண்டாம், இவர் கட்டிலுக்கு நேர் எதிரே ஆணி அடியுங்கள் என்றேன். இவரால் சுவர் பக்கம் திரும்ப முடியும். ஆனால் நான்தான் திருப்பிப் படுக்க வைக்கிறவள்.

டிசம்பர் 23, செவ்வாய்

வெயில் வந்துவிட்டது. போர்வைகள் எல்லாம் காய்ந்தன. நீலம் வாங்க வேண்டும், கடையில் இன்னும் வரவில்லையாம்.

மத்தியானம் மாத்திரை கொடுக்கும் நேரம். இவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். தண்ணீர் வேண்டுமா என்றேன். ஆமா என்றார். கண்ணாடி டம்ளரில் நிறைய ஊற்றிக் கொடுத்தேன். இடது கையால் வாங்கியவர், இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, குடிப்பதற்கு முன் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார்.